ரசச் சொம்பின் அடி ஒட்டு

போன வாரம் ஒரு காலை, ஈயச் சொம்பில் ரசம் நுரை கட்டுகிற நேரம் பார்த்து, கோட்டூர்புரத்திலிருந்து என் பெண் போன் செய்தாள். முழுகாமல் இருக்கிறாள். என் கை ரசம்தான் அவள் வயிற்றில் நிற்கிறது என்று தினமும் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்துப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஈயம்னா லெட்தானேம்மா? குழந்தைக்கு ஆகாதாமே?"

எனக்கு வந்த கோபத்தில் ரசம் பொங்கி வழிந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, தப்பு அவளுடையது இல்லை, நம் பேச்சுடையது. காரீயமும் நமக்கு ஈயம்தான், வெள்ளீயமும் ஈயம்தான். விஷம் முதலாவது. இரண்டாவது பரம சாது. புளியோடு சண்டைக்குப் போகாது, துருப்பிடிக்காது. பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவதும், பிஸ்கட் டப்பாவின் தகரத்தில் மினுங்குவதும் அதுதான். ஒரே பலவீனம், சூடு தாங்காது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கம்மென்று உட்கார்ந்திருக்கும். வெறுமனே அடுப்பில் ஏற்றினால் உருகிவிடும்.

அப்பாவுக்கு இது தெரியாது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். மாமா வீட்டுக் கல்யாண வேலைக்காக அம்மா மேற்கு மாம்பலம் போயிருந்தாள். காபிகூடத் தானாகக் கலந்துகொள்ளாத அப்பா, எனக்குப் பசிக்கிறதே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரசம் வைக்கப் புறப்பட்டார். சமையல் என்றால் முதலில் தாளிப்பது என்று எண்ணம். வெறும் சொம்பில் நெய்யை விட்டுக் கடுகைப் போட்டார். கடுகு வெடிப்பதற்குள் சொம்பின் அடி வெள்ளி முத்துகளாக அடுப்பில் உருண்டது. எனக்கு ஒரே குஷி. ஆறியதும் ஒரு துண்டைக் காதருகே வைத்து வளைத்தேன். கிறீச்சென்று முனகியது; வளைத்தால் வெள்ளீயம் அப்படித்தான்.

மறுநாள் அம்மா வந்து பார்த்தாள். "கரண்டியில தாளிச்சுக் கடைசியில கொட்டறதை இத்தனை வருஷமா பாத்துண்டுதானே இருந்தேள்?"

சொம்போடு கிளம்பிய அப்பா, தெரிந்த ரேடியோ ரிப்பேர் கடையில் ஓட்டையை அடைத்துக்கொண்டு வந்தார். அடியில் சாம்பல் நிறத்தில் ஓர் ஒட்டு. "இனிமே ஒழுகாது," என்றார், கோபுரம் கட்டி முடித்தவர் மாதிரி. ஒழுகவும் இல்லை. அம்மா தன் காலம் முழுக்க அதில்தான் ரசம் வைத்தாள், பிறகு நான்.

அந்தச் சொம்பையா விஷம் என்பது? விடுவதாக இல்லை. பையில் போட்டுக்கொண்டு தி. நகரில் தங்கத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று மிஷினில் வைத்துப் பார்க்கும் கடைக்குப் போனேன்.

"இன்னாக்கா, நகை கொண்டாருவாங்கன்னு பாத்தா சொம்பு கொண்டாந்துகீறீங்க?" என்று சிரித்தான் கடைப் பையன். ஆனாலும் வைத்துப் பார்த்தான். "சுத்தமான டின்னுக்கா. லெட்டே இல்ல."

ஜெயித்தாயிற்று. பெண்ணிடம் சொல்லப் போனைக்கூட எடுத்துவிட்டேன். சொம்பைப் பையில் வைக்கும்போது விரல் அந்த ஒட்டில் பட்டது. பேசாமல் வந்திருக்கலாம்தான். வயிற்றிலிருக்கும் குழந்தை என்னைக் கேட்கவா போகிறது? அது கேட்காது என்பதால் நான்தான் கேட்க வேண்டும்.

"தம்பி, அடியையும் பாத்துடுங்கோ."

பார்த்தான். சிரிப்பு நின்றது. "இங்க லெட் நெறைய கீதுக்கா. ரேடியோக்குப் பத்த வைக்கிற ஈயம் இது."

மூன்றாவதாக, இரண்டையும் கலந்த ஓர் ஈயம் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே நின்று பெண்ணைக் கூப்பிட்டேன்.

"நீ சொன்னதுதான் சரி. அந்தச் சொம்பு ரசம் இனிமே வேண்டாம். டாக்டர்கிட்டச் சொல்லி ரத்தத்தையும் பாத்துடு."

"புதுசு வாங்கிக்கலாம்மா."

"வாங்கலாம். மிஷின்ல ஏறிட்டுத்தான் அடுப்புல ஏறும்."

ரத்தத்தில் பயப்பட ஒன்றும் இல்லை என்று இன்று காலை சொன்னாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்கு மேல் தள்ளிப்போடவில்லை. எனக்குப் பின்னால் யாராவது ஆசையாக எடுத்து ரசம் வைத்துவிடக் கூடாதே! சொம்பின் கழுத்தில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கிறது. கவிழ்த்து வைத்து, அடியில் ஆணியால் 'இதில் சமைக்காதே' என்று கீறினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.

இப்போது எவர்சில்வரில்தான் ரசம் கொதிக்கிறது. அம்மா இல்லை, அப்பா இல்லை, அந்த வாசனையும் இல்லை. அப்பா எங்கள் அடுப்படிக்காகச் செய்த ஒரே வேலை அந்த ஒட்டு. அதன் மேல்தான் அப்படி எழுத வேண்டியிருந்தது.