மழை வீட்டின் மஞ்சள் விளிம்பு

எனக்கு நிறம் பார்த்து எடுக்கத் தெரியாது. என் சட்டைகளே சாட்சி. அதில் ஒன்றை நான் போட்டுக்கொண்டு கிளம்பினால் என் மனைவி, "இன்னிக்கு எந்தக் கல்யாணத்துல வாசிக்கிறீங்க?" என்று கேட்பாள். பேண்டு செட்டுக்காரன் சட்டையாம். அப்படிப்பட்ட ஆளிடம் ஒரு முழு வீட்டின் வெளிப்பக்கத்துக்குப் பெயின்ட் பார்க்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் எங்கள் தெருவில் எல்லா வீடும் ஐவரி. ஒருவர் அடித்தார், நன்றாக இருக்கிறது என்று அடுத்தவர் அடித்தார், கடைசியில் தெரு முழுக்க ஒரே பால்கோவா. நாங்களும் விலக்கில்லை. யாருக்கும் அதில் கஷ்டமில்லை, நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு மட்டும்தான்.

நைனாவுக்குக் கண் நரம்பு தேய்ந்துகொண்டு வருகிறது. திருப்பதி டாக்டர், போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டார். அதற்கெல்லாம் நைனா அசரவில்லை. காலையில் முனைக் கடைக்குப் போய் டீ குடித்து, நாலு பேரைக் கிண்டல் செய்துவிட்டு வருவது அவர் வழக்கம். ஒருநாள் திரும்பி வரும்போது ரெண்டு வீடு முன்னாலேயே கேட்டைத் திறந்து உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, "ஏம்மா, தண்ணி குடு" என்று குரல் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டு அம்மாவும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கையில் வாங்கியது கண்ணாடி டம்ளர். எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர். அங்கேதான் அவருக்குப் புரிந்திருக்கிறது.

மறுநாளிலிருந்து நைனா தெருவில் இறங்கவில்லை. "அந்தக் கடையில டீ நல்லால்ல" என்றார். இத்தனை வருஷம் அதே டீயைத்தான் குடித்தார். அன்று சாயந்திரமே, "வூட்டுக்குப் பெயின்ட் அடிச்சா இன்னா?" என்று நான் ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீடு நைனா கண்ணில் பட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் தேவை.

என் ஆசை சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் பஸ்ஸில் தினமும் திருப்பதிக்கு வேலைக்குப் போகிறவன். அங்கே புதிதாகக் கட்டுகிற வீடெல்லாம் அடர்ந்த சாம்பல்தான். ஷேட் கார்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

"எப்பவும் மழை வர்ற மாதிரியே இருக்கும். துணி காயப்போட பயமா இருக்கும்" என்றாள் மனைவி.

சரி, எடுப்பாகத் தெரிவது மஞ்சள்தானே என்று சின்ன டப்பா ஒன்று வாங்கிவந்து, முன்சுவரில் நானே ஒரு சதுரம் அடித்தேன். அது காய்வதற்குள் எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். "ஏமி சார், இட்டு வச்சேசாரா?" என்றார். இந்தப் பக்கம் வந்துவிட்டீர்களா என்று அர்த்தம். முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டு நிறம் என்பது கொடி மாதிரி. மஞ்சள் ஒரு கட்சி, நீலமும் பச்சையும் இன்னொரு கட்சி. இது தெரிந்தும் போய் மஞ்சளை வாங்கிவந்த புத்திசாலி நான். பதறிப்போய், பக்கத்திலேயே நீலத்தில் ஒரு சதுரம் அடித்தேன். சாயந்திரம் மறுகட்சிக்காரர் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். என் ஒரே சுவரில் கூட்டணி ஆட்சி நடப்பதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம்.

கட்சி கிடக்கட்டும், எது நைனாவுக்குத் தெரிகிறது என்று பார்க்க வேண்டாமா? எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு கல் கிடக்கிறது. "நைனா, சும்மா இங்க உக்காந்து சொல்லு, எது நல்லா கீது?" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

"அந்த மஞ்சா?"

"நல்லா கீது."

"நீலம்?"

"அதுவும் நல்லா கீது."

"ஜன்னலுக்கு மேல அடிச்சிருக்கிற ரோஸு?"

"அதான்டா பஸ்ட்டு."

ஜன்னலுக்கு மேலே நான் எதுவும் அடிக்கவில்லை. அதற்கப்புறம் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. எனக்கு அது அபூர்வம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைப்பது இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு. வீணாய்ப்போன மஞ்சள் டப்பா கிடக்கிறதே, வாராவாரம் பூசுகிற வேலை மிச்சமாகட்டும் என்று மனைவி அந்தப் பெயின்டையே நிலைப்படியில் அடித்துவிட்டாள். நைனாவைக் காற்றுக்காக நான்தான் எதிர்ப்பக்கம் கல்லில் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தேன். அங்கிருந்தே, "ஏம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?" என்றார்.

"ஆமா மாமா. யார் சொன்னாங்க?"

"யார் சொல்லணும்? வாசப்படி தெரியுதே."

அவள் கையில் பிரஷ் அப்படியே நின்றது. நான் ஓடிப்போய் நைனா பக்கத்தில் குந்தி, அவர் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். கண்ணைச் சுருக்கினால் சுவரில் இருந்த மஞ்சள் சதுரம் ஐவரியோடு கரைந்துபோனது. நிலைப்படி மட்டும் நின்றது. கீழே கருங்கல் படி, உள்ளே இருட்டு, நடுவில் மஞ்சள். பக்கத்தில் கறுப்பு இருந்தால்தான் மஞ்சள் குரல் கொடுக்கும் போலிருக்கிறது. நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது விளிம்பை.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சுவருக்கு அடர்ந்த சாம்பல். நிலைப்படியின் மஞ்சளை அப்படியே நிலையைச் சுற்றி மேலே ஏற்றி, சன்ஷேடு விளிம்பு, கேட்டின் ரெண்டு தூண் வரைக்கும் கொண்டுபோவது. இடையிடையே சிவப்புப் பொட்டு.

"கடைசியில உங்க மழை வூடே வந்துடுச்சு" என்றாள் மனைவி.

"மழைன்னா மின்னலும் வேணும்ல?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் திட்டவும் இல்லை.

பெயின்ட்டர் ஏணியில் நின்று தூணுக்கு மஞ்சள் அடிக்கும்போது மறுகட்சிக்காரர் வந்தார். "இன்னா சார், கைகுலுக்கிட்டு போனேனே" என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு. நான் ஏணியைப் பிடிப்பதில் மும்முரமானேன்.

மனைவிதான் வாசலுக்கு வந்தாள். "அது வாசப்படி அண்ணா. கொஞ்சம் மேல வரைக்கும் போயிருச்சு, அவ்ளோதான்."

அவர் நிலைப்படியில் இருந்த குங்குமப் பொட்டுகளைப் பார்த்தார். "கடபாவா?" என்றார். வாசப்படிக்குத் தெலுங்கில் கடப. மஞ்சளும் குங்குமமும் வைத்த வாசப்படியோடு யார் சண்டை போடுவார்கள்? அவர் வீட்டு நிலைப்படியும் அதே மஞ்சள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மோர் குடித்துவிட்டுப் போனார்.

மேலே போன மஞ்சளுக்குப் பொட்டுகளை நானே வைக்கிறேன் என்று அடம்பிடித்து வைத்தேன். பெரிசும் சிறிசுமாக வந்தது. "சாமிக்கு வச்ச பொட்டு மாதிரி இல்ல, கொசு கடிச்ச மாதிரி கீது" என்றாள் அவள்.

பெயின்ட் காய்ந்த மறுநாள் காலை நைனா செருப்பைத் தேடினார்.

"எங்க மாமா?" என்றாள் மனைவி.

"இந்த வூட்டுல டீ நல்லால்ல."

அவள் கோபித்துக்கொண்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது மட்டும்தான். நைனா தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கேட்டுக்குப் பின்னால் பேப்பர் படிக்கிறவன் மாதிரி நின்றுகொண்டேன். ஒரு வரியும் படிக்கவில்லை.

டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். தலையைத் தூக்கி எங்கள் தூணைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ரெண்டு வீடு முன்னால், அந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டார். நான் பேப்பரை மடித்தேன். கேட்டைத் திறந்தார், உள்ளே போனார், அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வீட்டு அம்மா வெளியே வந்தார்.

"தண்ணி குடும்மா" என்றார் நைனா, தெருவுக்கே கேட்கிற குரலில். "இந்த வாட்டி தெரிஞ்சேதான் வந்துகீறேன். என் வூடு அதோ, ஜிகுஜிகுன்னு நிக்குது பாரு. எம்புள்ள சட்டை மாதிரியே அடிச்சு வச்சுகீறான்."