ட்ரக்டர் இழுக்கும் தேருக்குப் போனேன்

இந்த ஆடியில் நான் யாழ்ப்பாணம் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு கேள்வி கேட்க. கீரிமலைக்குக் கிட்ட உள்ள எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தேர்த் திருவிழா எங்கள் குடும்பத்தின் உபயம். செலவும் எங்களுடையது, முதல் மரியாதையும் எங்களுக்கே.

"குளத்தடி ஆக்கள் தாங்களும் வடம் பிடிக்கவேணுமெண்டு நிக்கினம். அதாலை இந்தமுறை தேரை ட்ரக்டர் இழுக்கும்" என்று கோயில் தலைவரான என் பெரியப்பா மகன், எங்கள் அண்ணை, தொலைபேசியில் சொன்னார். சாதிதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கொழும்புக் கோட்டையில் அதிகாலை ரயில் ஏறினால் மதியம் தாண்டி யாழ்ப்பாணம். அங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். பஸ் இருக்கிறது, மூட்டைமுடிச்சு இருந்ததால் மூவாயிரம் ரூபாவுக்கு ஓட்டோ பிடித்தேன். ஓட்டியவர் குருநகர்க் கத்தோலிக்கர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்கடை கோயிலிலையும் பெருநாளுக்கு ஆர் புனிதரின்ரை சுரூபம் தூக்கிறதெண்டு பிரச்சினைதான், அக்கா. இன்னும் தீரேல்லை" என்றார். அவர்களும் அப்படித்தானா என்று எனக்குள் ஒரு ஆறுதல். அந்த ஆறுதல் எனக்கே பிடிக்கவில்லை. அவர்களுடைய பிழையை வைத்து எங்களுடையதைக் கழுவ முடியுமா?

அன்று மாலை கோயில் மடத்தில் கூட்டம். பெண்கள் நாங்கள் நான்கு பேர்தான். எழுந்து கேட்டேன்: "அவையளும் எங்கடை பிள்ளையாரைத்தானே கும்பிடினம். வடத்தை ஏன் தொடக்கூடாது?"

அண்ணையின் முகம் இறுகியது. "தங்கச்சி, நீ எங்கடை ஆளோ, அவையின்ரை ஆளோ?"

"உங்கடை ஆள்தான், அண்ணை. அதாலைதான் உங்களிட்டைக் கேக்கிறன். வேறை கோயிலெண்டால் பேசாமல் இருந்திருப்பன்."

நான் உட்காரவில்லை. ஆனாலும் முடிவு மாறவில்லை.

மறுநாள் ட்ரக்டர் உறுமிக்கொண்டு தேரை இழுத்தது. வடம் சுருட்டியபடி மண்டபத்தில் கிடந்தது. தேர் வீதி சுற்றித் தன் இருப்பிடத்துக்கு வந்ததும் ஐயர் முதல் மரியாதையான காளாஞ்சியை, வெற்றிலையும் தேங்காயும் வைத்த தட்டை, நீட்டினார். "மன்னிக்கவேணும் ஐயா, இந்தமுறை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, குளத்தடி மக்கள் நின்ற வீதியோரத்துக்குப் போய் நின்றேன். முதுகில் எல்லோருடைய கண்களும் குத்தின. சற்று நேரத்தில் அண்ணையின் மனைவி, என் மச்சாள், வந்து பக்கத்தில் நின்றார்.

பின்னேரம் அண்ணை என்னைப் பார்க்காமலே சொன்னார்: "தையிலை பொதுக்கூட்டம். அதிலை திரும்பக் கதைப்பம்." எனக்கு அது போதாது, ஆனாலும் தைக்கு வாறன் என்றேன்.

போகிறவர்களுக்கு: கீரிமலைக் கேணியில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. காலையிலேயே போனால் கூட்டம் குறைவு. சைவக் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். உங்கள் ஊர்க் கோயிலிலும் இப்படியொரு கேள்வி இருந்தால், திருவிழாவுக்கு மட்டும் போய் வராதீர்கள். பொதுக்கூட்டம் எப்போது என்று விசாரித்து, அதற்கு ரயில் ஏறுங்கள்.