கறி இல்லாத கறிக்குழம்பு

சின்ன வயதில் நான் கறிக்குழம்பைக் கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறேன். வல்லத்துப் பக்கம் கடலை பறிக்கப் போகும் அம்மாவுக்குக் கூலியோடு கொஞ்சம் கடலையும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருக்களிலிருந்து கறி வாசனை மிதந்து வரும்போது அம்மா அந்தக் கடலையை உரித்து ஊறப்போடுவாள். பட்டை, லவங்கம், சோம்பு, தேங்காய் எல்லாம் அம்மியில் அரைபடும். கறிக்குழம்புக்கு என்னென்ன உண்டோ எல்லாம் இருக்கும், கறி மட்டும் இருக்காது.

"கண்ண மூடிக்கினு மெல்லு, கறியா வரும்" என்பார் நைனா.

மூடிக்கொண்டு மெல்வேன். வரும். தம்பி பக்கத்திலிருந்து, "எனக்கு ஈரலு வந்துச்சி" என்று கத்துவான். எனக்கு ஒருநாளும் ஈரல் வந்ததில்லை. அதற்கு அன்றைக்கே கவலைப்பட்டிருக்கிறேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டு நானும் கடலை பறிக்கப் போனேன். பிறகு கல்யாணம், தையல் மெஷின், வீட்டுக்காரருக்கு ஒரு லோடு ஆட்டோ. மகள் பிளஸ் ஒன் வந்ததும் செஞ்சியிலேயே வீடு பார்த்தோம். அதுவரை அவள் ஊரிலிருந்து பஸ்ஸில்தான் போய்வந்தாள். அமாவாசையன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருவாளோ என்று, அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எனக்கு மூச்சு சரியாக வராது. கிடைத்த வீட்டிலிருந்து ஸ்கூலுக்கு நடந்தே போய்விடலாம். பஜாருக்குப் பின்னால், மாடியில் இரண்டு ரூம். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி. பனிக்காலத்துக் காலையில் மலைக்கு அடியே இருக்காது, உச்சிக் கோட்டை மட்டும் தனியாக மிதக்கும். ஊசியில் நூல் கோக்க மறந்து பார்த்துக்கொண்டு இருப்பேன்.

கீழ்வீட்டில் வீட்டுக்கார அக்கா. மளிகைக்கடைக் குடும்பம், முட்டைகூடத் தொடாதவர்கள். வீடு பார்க்கப் போன அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கவுச்சி சமைப்பீங்களா?"

நாங்கள் என்ன ஆட்கள் என்ற கேள்வியும் அதற்குள்தான் இருந்தது.

"நாங்க சமைக்கிறதே இல்லக்கா" என்று என் வாய் முந்திக்கொண்டது.

வாசற்படி இறங்கும்போது என் வீட்டுக்காரர் காதோரம் கேட்டார், "எப்பலேர்ந்து?"

கறி வாங்கக் காசு வந்த காலத்தில் அதைச் சமைக்க எங்களுக்கு அடுப்பு இல்லாமல் போனது. மாதத்தில் ஒரு ஞாயிறு வெளியே போய்ப் பிரியாணி சாப்பிடுவோம். அந்தக் கடையில் கடைசியில் கொடுக்கும் சோம்பை மூன்று பேரும் மென்றுகொண்டே வருவோம். படி ஏறுமுன் விரலை மோந்து பார்ப்பேன். மகள் சிரிப்பாள்.

ஒரு மழை ஞாயிறு. சந்தையில் பச்சைக் கடலை வந்திருந்தது. உரிக்க உரிக்க அம்மா ஞாபகம். யோசிக்கவே இல்லை, அம்மா அரைத்த மாதிரியே எல்லாம் போட்டு மிக்சியில் அரைத்துக் கொதிக்கவிட்டேன். வாசனை வந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை மழையில் கரைந்துகொண்டிருந்தது. நான் எங்கேயோ இருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டபோதுதான் திரும்பி வந்தேன். அந்த அக்கா அதுவரை மாடி ஏறி வந்ததே கிடையாது.

"இன்னாம்மா இது? அன்னிக்கி இன்னா சொன்ன, இன்னிக்கி இன்னா பண்ற?"

"வேர்க்கடலக் கொழம்புக்கா."

"வேர்க்கடலைக்கு எங்கேர்ந்து இந்த வாசன வரும்? சாமி ரூம் வரைக்கும் வருது."

கரண்டியில் அள்ளிக் காட்டினேன். குழம்பு தரையில் சொட்டியது. மசாலாவில் ஊறிக் கிடந்த கடலை என் கண்ணுக்கே பொடிக்கறி போலத்தான் இருந்தது.

"ஒண்ணு தின்னு பாருங்க ஆன்ட்டி" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கையால் அவர் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஆனால் கறி இல்லை என்று காட்ட வேறு வழியும் இல்லை. அவர் நின்றார். அதற்குள் என் மனசு வீட்டைக் காலி செய்து, மெஷினை லோடு ஆட்டோவில் ஏற்றி, மகளை மறுபடி பஸ் படியில் தொங்கவிட்டுவிட்டது.

அக்கா உள்ளங்கையை நீட்டினார். ஒரு கடலையை வைத்தேன். நேராக எங்கள் குழாயடிக்குப் போய் அதைக் கழுவினார், ஒருமுறை, இன்னொருமுறை. மசாலா போய், வெளுத்த கடலை மட்டும் மிஞ்சியது. வாயில் போட்டுக்கொண்டார். மெல்லும்போது அவர் கண்கள் தானாக மூடின. நான் சொல்லவில்லை.

"கடலதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சோம்பு போட்டியா? அதான். நாங்க கடையில விக்கிறதோட சரி, வூட்டுக்குள்ள ஏத்த மாட்டோம். இனிமே போடாத."

போடவில்லை. ஒரு வருஷமாக அதே கடலை, அதே குழம்பு, சோம்பு மட்டும் இல்லை. மகள் ஒருநாள் கண்ணை மூடி மென்று பார்த்துவிட்டு, "வரலமா" என்றாள். எங்கள் அம்மா கறி இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே வைத்த குழம்பு அது. அதற்குள் கறி இருக்கிறது என்று ஒருவர் பதறி மாடி ஏறி வந்தாரே, அம்மாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

போன வாரம் படியில் அக்கா என்னை நிறுத்தினார். "அந்தக் கடலக் கொழம்பு இப்பல்லாம் வெக்கிறதில்லியா?"

"வெக்கிறேன்க்கா. சோம்பு போடறதில்ல."

"ம்" என்றார். ஆனாலும் போகாமல் நின்றார்.

வேவு பார்க்கிறாரா, ஆசைப்படுகிறாரா? நான்கு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். "அவங்க ஒரு வார்த்த கேட்டதுக்கு உனுக்கு நாலு நாளு டென்ஷனா?" என்றார் வீட்டுக்காரர்.

இன்று ஞாயிறு. கடலை வெந்துகொண்டிருக்கிறது. சோம்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மலையைப் பார்த்தேன். பிறகு அரை ஸ்பூன் அரைத்துப் போட்டேன். ஜன்னலைச் சாத்தவில்லை. காது படியில்தான் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று சின்னக் கிண்ணம் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.