மாஸ்டரின் பொறுமை

பூக்காரிகள் கூடையை இறக்குகிற நேரத்தில் மணிராஜ் ஜவுளிக்கடை வாசலில் முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். குங்ஃபூவில் அதற்குக் குதிரை நிலை என்று பெயர். வண்ணார்பேட்டை பஸ்கள் காதுக்குள்ளேயே ஹாரன் அடித்தாலும் அசையமாட்டார். காவலாளியின் நீலச் சட்டை. காலில் மட்டும் கறுப்புத் துணி ஷூ. அவர் வாங்கிய கறுப்புப் பட்டையைப் பார்த்துத்தான் முதலாளி வேலைக்கு எடுத்தார். கடையில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்.

வாயைக் கிளறினால் டீ ஆறிப்போகும். "கொக்கு அடி, பாம்பு அடின்னு வகை வகையா இருக்கு வே. ஆனா மொத வணக்கம். எதிராளி திருப்பி வணக்கம் வைக்காம கைய நீட்டினா அது ரவுடித்தனம்" என்பார். முஷ்டியை மறு கையால் பொத்திக் காட்டும்போது கோயில் பூசாரி தோற்றுப்போவார்.

போன ஆடித் தள்ளுபடியில் வழியை மறித்து பைக் நிறுத்தியவனை எடுக்கச் சொன்னார். அவன் சட்டையைப் பிடித்தான். மாஸ்டர் வணக்கம் வைத்தார், வைத்துவிட்டுக் காத்திருந்தார். பதில் வணக்கம் கன்னத்தில் வந்தது. இன்னொன்றும் வந்தது. பொத்திய கை பொத்தியபடியே இருந்தது.

"மாஸ்டர் நெனச்சிருந்தா அவன் எலும்பு தேறாதுல்லா. பொறுத்துக்கிட்டாரு, பெரிய மனுசன்" என்று முதலாளி அண்ணாச்சி ஊரெல்லாம் சொன்னார். மணிராஜ் மறுக்கவில்லை. பயத்தில் கை எழும்பவே இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். அன்றிலிருந்து வாசலில் ஒரு குரல் உயர்ந்தாலே தண்ணீர் குடிக்கிற சாக்கில் கடைக்குள் போய்விடுகிறார், பாவம்.

அந்தப் பொறுமையை முழுசாக நம்பியவள் சேலைப் பிரிவு முத்துராணி. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை விட்டு வந்தவள். கத்தியோடு கடைக்கே வருவதாக அவன் போனில் மிரட்டியிருக்கிறான்.

"கொஞ்ச நாளு அம்ம வீட்டுல போயி இருன்னு எல்லாரும் சொன்னாவ. நான் போகல மாஸ்டர். வாசல்ல நீங்க நிக்கியள்லா, உங்களத் தாண்டி அந்த ஆளு வந்துருவாரா?"

உண்மை வாய்வரை வந்தது. வெட்கம் அடைத்துக்கொண்டது. "வரமாட்டான் தாயி" என்றார்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், எதிர்ப்பக்கம் டவுண் பஸ்ஸிலிருந்து அவன் இறங்கினான். முத்துராணி போட்டோ காட்டியிருந்ததால் ஆள் தப்பவில்லை. ஒரு கை சட்டைக்குள் இருந்தது. மணிராஜுக்குக் கொக்கும் பாம்பும் அந்த நிமிஷமே மறந்துபோயின. கடையின் ஷட்டரோ வெளியிலிருந்து மட்டுமே பூட்டக்கூடிய பழைய ஷட்டர். அதைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"மாஸ்டர், நீங்களும் உள்ள வாங்க!" என்று முத்துராணி கடைக்குள்ளிருந்து அலறினாள்.

"எனக்குச் சண்ட போடத் தெரியாது தாயி! போலீசுக்குப் போன் போடு!"

சாவி இரண்டு தடவை துவாரத்தைத் தப்பியது. முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் ரோட்டைத் தாண்டி நெருங்கியது. பூட்டினார். குனிந்து, சாவியை ஷட்டருக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டார்.