சப்மரீன் கருப்பம்மா

காலிச் சோடாப் போத்தலைத் தலைகீழாக வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிறாள் கருப்பம்மா. "பாத்தியா, உள்ள காத்து நிக்குது. ஒரு மனுசன் இருக்கலாம். எவ்வளவு நேரம்? அரை மணி நேரம். அதுக்கு மேல காத்தும் இல்ல, மனுசனும் இல்ல."

பிள்ளைத் துணி அலசக் காத்திருக்கும் சுபாஜினிக்கு வேண்டியது வாளி, வரலாறு அல்ல. "அக்கா, கப்பல் முங்குனது போதும். வாளிய விடுங்க."

இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பரா இது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம். ஏழு வாரத்துக்கு முன் இவர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மலை சரிந்ததிலிருந்து பதினாறு குடும்பம் இதற்குள்தான். இது இரண்டாவது சரிவு. இரண்டு வீடு போனது, ஆள் தப்பியது. ஆறு வருடத்துக்கு முந்தைய முதல் சரிவில் கருப்பம்மாவின் புருசன் நல்லையா போனார். அப்போது மண்ணை அள்ளி, சுவரைப் பூசி, அதே லயத்தில் எல்லாரையும் திரும்பக் குடியேற்றினார்கள்.

மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு நீர்மூழ்கி எங்கிருந்து வந்தது? கொழும்பில், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் பதினொரு வருடம் வேலை. கண்ணாடி அலுமாரியில் வரிசையாகச் சின்னச் சின்னக் கப்பல்கள், நீர்மூழ்கிகள். தினமும் துடைக்க வேண்டும். அவர் சொல்லும் கதையைக் கேட்க ஆளில்லை. இவளுக்கு ஓடித் தப்ப இடமில்லை.

அதனால் 1776 இவள் வாயில் நேற்று மாதிரி வரும். 'ஆமை' என்று பெயர் வைத்த மரமுட்டைக்குள் ஒரே ஆள். கையால் சுற்றி, காலால் மிதித்து, நியூயோர்க் துறைமுகத்தில் எதிரிக் கப்பலுக்கு அடியில் போய் வெடி மாட்டத் திருகாணி ஏற்றப் பார்த்தான். ஏறவில்லை. "வேலை ஆகல. ஆனா உசுரோட வந்தான்ல?" என்பாள், சொந்தத் தம்பியைச் சொல்வது போல.

ஒருநாள் யாரோ இவள் மூலைச் சுவரில் கரியால் நீர்மூழ்கி வரைந்து, மேலே எட்டிப் பார்க்கும் ஒரு நீண்ட குழாயும் வைத்து, பக்கத்தில் 'ராணி' என்று எழுதிவிட்டார்கள். ஊரே கூத்துப் பார்க்கக் கூடியது. கருப்பம்மா முந்தானையால் குழாயை மட்டும் அழித்தாள். "அந்தக் காலத்துல இது ஏதுடா? படிச்ச பயலுக படம் போடுற லட்சணம்." ராணியை விட்டுவைத்தாள்.

ஹன்லி கதைக்கு மட்டும் சிரிக்க மாட்டாள். பிறகு வந்த அமெரிக்க உள்நாட்டுச் சண்டைக்குச் செய்த இரும்பு நீர்மூழ்கி. "ஏழு பேரு குனிஞ்சு கையால சுத்தணும். ஒருத்தரு முன்னுக்கு நின்னு வழி பாப்பாரு. நம்ம கொழுந்து மலையில குனிஞ்சு நிக்கிற மாதிரிதான், வேற என்ன?" ஒத்திகையிலேயே இரண்டு தடவை மூழ்கியது. இரண்டு தடவையும் தூக்கினார்கள், பிணங்களை இறக்கினார்கள், அடுத்த ஆட்களை ஏற்றினார்கள். மூன்றாவது தடவை எதிரிக் கப்பலைச் சாய்த்துவிட்டு, தானும் திரும்பவில்லை.

போன ஞாயிறு காலை தோட்டத்து உதவி மேலாளர் சின்னதொரை ஜீப்பில் வந்து இறங்கினார். கூட வந்த கணக்கப்பிள்ளை விஜேந்திரன் கொப்பியை விரித்துப் பேர் கூப்பிட ஆரம்பித்தான். தினமும் விடிய, பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கூப்பிடும் அதே குரல். பழகிய வாய் சும்மா இருக்குமா? "ஆமாங்க", "ஆமாங்க" என்று பதினொரு குடும்பம் பதில் சொல்லியாயிற்று. ஒவ்வொரு பேருக்கும் கொப்பியில் ஒரு சரிக் குறி.

"கருப்பம்மா!"

"என்னத்துக்குக் கூப்பிடுறீங்க, தம்பி? அதச் சொல்லிட்டுக் கூப்பிடுங்க."

விஜேந்திரன் சின்னதொரையைப் பார்த்தான். "லயத்துக்குத் திரும்பிப் போகச் சம்மதம்னு. வெடிப்பெல்லாம் சிமெந்து பூசியாச்சு."

"ஐயோ அக்கா, நான் ஆமாங்கன்னுட்டேனே!" சுபாஜினி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"சொன்ன வாய் இல்லன்னும் சொல்லும். முங்குன கப்பல்லயே திரும்ப ஏத்தப் பாக்குறாங்க. சொல்லுடி."

"இல்லங்க," என்றாள் சுபாஜினி, மெல்ல. பின்னாலிருந்து இன்னொரு "இல்லங்க", கொஞ்சம் பலமாக.

விஜேந்திரனின் பேனா நின்றது. "அக்கா, ஒங்க சப்மரீன் கதைய வேற நாளைக்கு வச்சுக்கங்க."

"கதை இல்ல தம்பி. ஹன்லியில மூணாவது தடவை ஏறுனவங்க தெரிஞ்சு ஏறுனாங்க. நீங்க எங்களத் தெரியாம ஏத்துறீங்க. ரெண்டாவது தடவை அந்தக் கப்பலு மொதலாளியே உள்ள ஏறுனாரு. அவரும் செத்தாரு. ஆனா ஏறுனாரு."

சின்னதொரை குடையை மடக்கினார். "இப்ப என்ன செய்யச் சொல்ற, கருப்பம்மா?"

கருப்பம்மா இடுப்பு முடிச்சை அவிழ்த்து, துருப்பிடித்த வீட்டுச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒரு மழை ராத்திரிக்கு எங்க வீட்டுல நீங்க படுத்துட்டு வாங்க, தொரை. நெலம் எறங்குனதுல கதவு இறுகிப்போச்சு. தூக்கிப் பிடிச்சுத் தள்ளணும்."

சொல்லிக்கொண்டே அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சாவிமேல் மடக்கிவிட்டாள்.