மீன் குடலில் விளைந்த காலிபிளவர்

நான் ஓய்வு பெற்றபோது என் மனைவிக்கு இன்னும் நான்கு வருடம் சர்வீஸ் பாக்கி இருந்தது. அவள் பள்ளி ஆசிரியை. காலை ஏழு மணிக்கே சானடோரியம் ரயில் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவாள். அதனால் சிட்லபாக்கம் வீட்டின் சமையலறை என் கைக்கு வந்தது. அதே வருடம் எனக்குச் சர்க்கரை இருப்பதும் தெரிந்தது. சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் டாக்டர்.

காலிபிளவரைத் துருவி வதக்கினால் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியே செய்து, ரசம் ஊற்றிப் பரிமாறினேன். மனைவி ஒரு வாய் சாப்பிட்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இதைச் சோறுன்னு சொல்லாதீங்க. பொரியல்னு சொல்லிட்டா சண்டையே இல்ல."

அன்றிலிருந்து என் தட்டில் சோறு கொஞ்சம், காலிபிளவர் பொரியல் நிறைய. மிளகும் தேங்காயும் போட்டால் அலுக்கவே இல்லை. சுத்தம் செய்வதுதான் அலுத்தது. உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் பூவை முக்கினால் பச்சைப் புழுக்கள் மிதக்கும். புழு இல்லாவிட்டாலோ, என்ன மருந்து அடித்தார்களோ என்று பயம். நாமே வளர்த்தால் என்ன என்று தோன்றியது.

மாசி மாதத்தில் மொட்டை மாடியில் எட்டுப் பைகளில் மண் நிரப்பி நாற்று வைத்தேன். இலைகள் முறம் அகலத்துக்கு வளர்ந்தன, பூ மட்டும் வரவில்லை. தாம்பரம் நர்சரிக்காரரிடம் கேட்டதற்குச் சிரித்தார்.

"இது குளிர் கேக்குற செடி சார். கார்த்திகைல வைங்க, தைல பூ பாக்கலாம். மீன் கழிவுல வெல்லம் போட்டு ஊற வெச்சுத் தண்ணி கலந்து ஊத்துங்க."

எங்கள் தெருவுக்கு வாரம் இரண்டு நாள் மீன் கொண்டு வரும் அக்கா, கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். கேளம்பாக்கம் வந்து பஸ் மாறி வருவார். அவரிடம் மீன் குடல் கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார் குடலு? பூனை வளக்குறியா?"

"செடிக்குக்கா. வெல்லம் போட்டு ஊற வைக்கணும்."

"மீனுக்கு வெல்லமா? நல்லா கீதே கூத்து!"

சிரித்தாலும், அடுத்த முறை ஒரு பை நிறையக் கொண்டு வந்தார். மூடிய வாளியில் அது மூன்று வாரம் மாடியில் கிடந்தது. வாளியைத் திறந்த அன்று கீழ்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கார்த்திகையில் எட்டுப் பைகளிலும் புது நாற்று வைத்து, அந்தக் கரைசலைத் தண்ணீர் கலந்து ஊற்றி வந்தேன்.

மார்கழியில் புயல் மழை பிடித்துக்கொண்டது. எட்டுப் பைகளையும் நானும் மனைவியும் தூக்கி வந்து ஹாலில் வைத்தோம். மூன்று நாள் வீடு முழுக்க மீன் வாடை. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினாள். மழை விட்ட காலையில் அவள்தான் கூப்பிட்டாள்.

"இங்க வாங்களேன். நடுவுல வெள்ளையா ஏதோ வந்திருக்கு."

சுண்டைக்காய் அளவில் ஒரு மொட்டு. நாங்கள் இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று அவள் வழக்கமான ரயிலை விட்டுவிட்டாள்.

எட்டில் மூன்று அழுகின, ஐந்து பூத்தன. வெயில் படாமல் இலையால் மூடிக் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பூக்கள் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டன. ஆனாலும் பொரியலில் ஒரு இனிப்பு இருந்தது, கடைப் பூவில் நான் காணாதது. நல்லதாக ஒன்றை மீன்கார அக்காவுக்குக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் தெருமுனையிலேயே அவர் குரல் கேட்டது.

"சார்! எறா போட்டுத் தொக்கு பண்ணேன். என் மருமவன் தட்டை வழிச்சுத் துன்னுட்டான். மீன் குடல்ல வளந்ததுன்னு சொன்னா நம்ப மாட்டேன்றான். எனுக்கும் ரெண்டு செடி குடு சார், எங்க வூட்டு மாடில வைக்கிறேன்."

"கடல் காத்துல வருமாக்கா?"

"வராங்காட்டி போவுது. வச்சுத்தான் பாப்பமே."

மறு கார்த்திகையில் அவருக்கும் சேர்த்து நாற்று வாங்கினேன். ஒன்று உப்புக் காற்றில் கருகிவிட்டது. இன்னொன்றை ஓலைத் தட்டி கட்டிக் காப்பாற்றினார். பொங்கல் கழிந்து ஒரு நாள், கூடையின் ஓரத்திலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். கைக்குள் அடங்கும் ஒரு பூ. நான் சொன்னபடி இலை மூடிக் கட்டியிருந்ததால் பால் வெள்ளை.

"மொத பூவு சார். உனுக்குத்தான்."

வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றேன். கேட்கவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.