அத்தையின் சீசா



போடிக்கு ரயில் வராத காலம். மதராஸில் ரசாயனம் படித்துவிட்டு, வேலை எதுவும் சிக்காமல் மாமனார் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று, பின்கட்டு அறையில் கண்ணாடிக் குழாய்களையும் ஸ்பிரிட்டு விளக்கையும் வைத்துக்கொண்டு சிறுகுறிஞ்சான் இலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஏலமலைச் சரிவில் புதர்மேல் படர்கிற கொடி அது. இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைத் தின்கிற மாதிரி இருக்கும். இலையைக் காயவைத்து இடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, சாற்றைச் சுண்டவிட்டுத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் அமிலம் விட்டால் சாம்பல் பச்சையாக ஒரு பொடி அடியில் படியும். நாக்கில் இனிப்பைச் சாகடிக்கிற பொடி உடம்பில் ஏறிய சர்க்கரையை மட்டும் விட்டுவிடுமா? அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

சோதித்துப் பார்க்க ஆளும் வீட்டிலேயே இருந்தார். என் மாமியாருக்கு நீரிழிவு. கொல்லையில் அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. காலில் வந்த புண் ஆறவேயில்லை. ஆனால் அத்தை என் முன்னால் வரமாட்டார். மாப்பிள்ளை இருக்கிற பக்கம் அவர் குரல்கூட வராது. எல்லாம் என் மனைவி மூலமாகத்தான். பொடியை அவள்தான் கொண்டுபோவாள். அத்தையின் சிறுநீரைச் சீசாவில் பிடித்து, துணி போட்டு மூடி, என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போவதும் அவள்தான்.

மயில்துத்தம் கலந்த நீலக் கரைசலில் அதைச் சில சொட்டு விட்டுச் சூடாக்குவேன். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். இருந்தால் செங்கல் நிறமாகிவிடும். முதல் சீசா செங்கல் நிறம் காட்டியது. வாரக்கணக்கில் பொடி கொடுத்த பிறகும் அதே நிறம்தான். அளவைக் கூட்டினேன். முன்னைவிட அடர்த்தியாகச் சிவந்தது.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஏனென்றால் அத்தை தேறிக்கொண்டிருந்தார். புண் ஆறிவிட்டது. எறும்பைக் காணோம். விடிந்தால் கொல்லையில் அவர் முறத்தில் புடைக்கிற சத்தம் கேட்டது. கரைசல்தான் கெட்டிருக்கும் என்று கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தேன். அதுவும் சிவந்தது.

ஆத்திரம் தாங்காமல் மனைவியிடம் பாய்ந்தேன். "உங்க ஆத்தா எனக்குத் தெரியாம கருப்பட்டி திங்கிறாகளா? உள்ளதைச் சொல்லு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏசாதீங்க. அது ஆத்தாளுது இல்ல. மருமகன் கையில போயி அதைக் குடுக்கச் சொல்றியேடி, அதுக்கு நான் செத்தே போறேன்னு ஒரே அழுகை. அதான் நானே பிடிச்சு வச்சேன். ஒரே பானைச் சோறுதான திங்கிறோம், யாருதா இருந்தா என்னன்னு நெனச்சேன்."

கையிலிருந்த குழாய் விழுந்து உடைந்தது. ஐயோ, அத்தனை நாளும் சிவந்தது இவளுடையதா! அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் போய்வந்தது. ஆத்தாளுக்குப் பாடுபட்டு இளைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தவளை, கொட்டகுடி ஆத்தையே குடிச்சு முடிச்சிருவ போல என்று கேலி வேறு செய்திருந்தேன். அவளுக்கு இருபது வயது முடியவில்லை.

இப்போது ஊசிமருந்து வந்துவிட்டது. அன்றைக்கு அப்படி ஒன்றுமே கிடையாது. வயதானவர்கள் இந்த நோயோடு பல வருஷம் தள்ளிவிடலாம், சின்ன வயதில் வந்தால் மாதக்கணக்குதான் என்று நான் படித்திருந்தேன். படித்தது ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வந்தது. இருந்தாலும் பொடி இருக்கிறதே என்று ஒரு நினைப்பு. அத்தைக்குக் கேட்ட மருந்து இவளுக்குக் கேட்காதா?

"இன்னையிலிருந்து நீயும் அந்தப் பொடியத் தின்னணும்" என்றேன்.

"நானுந்தான தின்னுக்கிட்டிருக்கேன்" என்றாள். "கசக்குதுன்னு ஆத்தா ஒரே முரண்டு. நீ தின்னாத்தான் நானும் திம்பேன்னாக. மொத நாள்லயிருந்து ஆளுக்குப் பாதி."

அப்படியென்றால் வாரக்கணக்கில் பொடி தின்றும்தான் அவளுக்குச் சிவந்திருக்கிறது.  உன் ஆத்தாளுடையதையே இந்தத் தடவை வாங்கிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தாள். என் பக்கத்திலேயே நின்று, கரைசல் கொதிப்பதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். நீலம் நீலமாகவே நின்றது.

"நெறம் மாறலையே! அப்ப ஆத்தாளுக்குச் சரியாப் போச்சா?"

"போச்சு" என்றேன்.

"ஆத்தா, உனக்குக் கொணமாயிருச்சாம்!" என்று வீடே அதிரக் கத்திக்கொண்டு ஓடினாள்.

அத்தை அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். இவள் அந்த வருஷக் கோடையைத் தாண்டவில்லை.